ஐந்தாம் தூணின் அடி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு ஃபுட்டிங்குக்கு அளவு பார்த்தது. 2012 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. ஆராதனை முடிந்து வந்த அம்மா சங்கரா மீனைக் குழம்பில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப். அவள் பக்கம் ஒரு பென்சிலும் கிழித்த காலண்டர் தாளும்.

ஃபுட்டிங் என்றால் தூணின் பாதம். தரைக்கு அடியில் நாலைந்து அடி ஆழத்தில் கான்கிரீட்டால் போட்ட ஒரு மெத்தை. தூண் அதன் மேல் நிற்கும். தூணில் இறங்கும் பாரத்தை அந்த மெத்தை மண்ணுக்குப் பரப்பிக் கொடுக்கும். வீடு கட்டி முடித்த பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை.

அன்றைக்குப் பார்த்தது, சிதம்பரத்தில் அமராவதி டீச்சர் வீட்டில் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கும் ஃபுட்டிங். ஐந்தாம் எண் தூணுடையது. ஒரு பக்கம் ஒன்றரை மீட்டர், மறுபக்கம் இரண்டு தொண்ணூறு. டீச்சர் மகளுக்காக மாடி எடுக்க வேண்டும். இந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு எடுக்க முடியாது. ஒன்றரையை எவ்வளவு ஆக்கினால் எடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

தூணின் பாரம், அதைப் பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கும் இழுப்பு, மண் தாங்கும் வரம்பு எல்லாவற்றையும் மென்பொருளில் கொடுத்தேன். அது ஒரு அளவில் தொடங்கிப் பார்க்கும். போதவில்லை என்றால் ஐந்து சென்டிமீட்டர் கூட்டும். மறுபடி பார்க்கும். அது கூட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஒன்று எண்பது என்றாள். திரையில் 1.80 வந்தது. மண்ணில் இறங்கும் பாரம் சதுர மீட்டருக்கு 11.3 டன். அந்த மண்ணின் வரம்பு 12.

போதும் என்று அதுவும் சொல்லிவிட்டது என்றேன்.

"அதுக்குப் போதும். நீ ரெண்டு பத்து போடு."

ஏன் என்று கேட்டேன்.

"ஒன்னு எண்பதுன்னா ஒரு ஒரு பக்கமும் அரையடிதான் கூடும். அரையடிச் சந்துல கம்பியக் கட்டி, கான்கிரீட்ட குத்தி இறக்கணும். மேஸ்திரி கொளஞ்சி கை எம்மாம் பெருசுன்னு உன் பெட்டிக்குத் தெரியுமா?"

2.10 போட்டேன். 9.3 டன். அம்மா அதைக் காலண்டர் தாளில் எழுதி, அடியில் கோடு இழுத்தாள். போய் அடுப்பை அணை, மீன் கரைந்துவிடும் என்றாள்.

அவ்வளவுதான். நான் சாயங்காலம் சென்னைக்கு பஸ் ஏறினேன். வியாழக்கிழமை காலை அலுவலகம் கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டக் குனிந்த அம்மா நிமிரவில்லை. ஐம்பத்திரண்டு வயது. இதயம் என்றார்கள்.

நான் கட்டமைப்புப் பொறியாளர். எட்டு வருடமாக இதுதான் என் வேலை. அந்த ஃபுட்டிங் எப்படித் தப்பாகப் போனது, அது தப்பு என்று அம்மா எப்படிச் சொன்னாள் என்று எழுதிவைக்கிறேன். அவள் செய்ததை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. நானும் செய்ததில்லை.

*

அம்மாவின் பெயர் ஜெயராணி. 1959இல் முதுநகரில் பிறந்தாள். ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு. வகுப்பில் இருபத்திரண்டு பேர், அவளோடு சேர்த்து இரண்டு பெண்கள். என் அப்பா அன்பரசு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்துபோனார். ரயில்வே வேலை அம்மாவுக்குக் கிடைத்திருக்கும். வேண்டாம் என்றுவிட்டாள். பென்சில் பிடித்த கையில் பச்சைக்கொடி பிடிக்க வராது என்று சொந்தக்காரர்களிடம் சொன்னாளாம். மஞ்சக்குப்பத்தில் ஞானசேகரன் சாரின் அலுவலகத்தில் அப்போதே பதினோரு வருடமாகக் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

சார்தான் பொறியாளர். கையெழுத்து அவருடையது. முதலில் அவர் கணக்குப் போட்டார், அம்மா வரைந்தாள். பிறகு எப்போது என்று தெரியாமல் ஃபுட்டிங் கணக்கு முழுவதும் அம்மாவிடம் வந்துவிட்டது. கோடு போட்ட நோட்டில் ஒரு ஃபுட்டிங்குக்கு ஒரு பக்கம். தூணின் பாரம் எவ்வளவு. மண் எவ்வளவு தாங்கும். அதற்கு எத்தனை சதுர மீட்டர் வேண்டும். தூண் மெத்தையைக் குத்திக்கொண்டு இறங்குமா. மெத்தை நடுவில் வெட்டிக்கொள்ளுமா. கடைசியில் கம்பி. கல்லூரியில் இரண்டாம் வருடம் இதையெல்லாம் எனக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவின் நோட்டைப் பார்த்தேன். அதே வரிகள். கரும்பலகையில் இல்லாத ஒரு வரியும் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், குழி தோண்டிய அன்று மண்ணின் நிறம் என்ன, தண்ணீர் எத்தனை அடியில் வந்தது என்று எழுதியிருந்தாள். அதற்காக பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். யாரும் போகச் சொல்லவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம், கடற்கரைக் குப்பம் ஒன்றில் எண்பது வீடுகளுக்கு அவர்கள் அலுவலகம் படம் போட்டது. கொளஞ்சி மேஸ்திரி அங்கேதான் அறிமுகம். விருத்தாசலம் பக்கத்துக்காரர். கை பெரியது, பேச்சு சிறியது. ஒரு குழியில் பனைமரத் தூர் குறுக்கே இருந்தது. தூரை வெட்டுவதற்குப் பதில் அவர் ஃபுட்டிங்கைத் திருப்பிப் போடக் கம்பி கட்டிவிட்டார். அம்மா போய்ப் பார்த்தாள். கட்டிய கம்பியைப் பிரிக்கச் சொன்னாள். சித்தாள்கள், வீடு கிடைக்கப்போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் உள்ளதைப் போடுங்கள் மேஸ்திரி, யோசிக்கிறது என் வேலை என்று அவர்கள் முன்னால் சொன்னாள். கொளஞ்சி கம்பியைப் பிரித்தார். தூரை வெட்டினார். அதற்குப் பிறகு அம்மா வரைந்த படத்தை அவர் ஒரு அங்குலம் மாற்றியதில்லை.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று வெளியாளுக்குப் புரிய வேண்டும். நேராக நிற்கும் தூணுக்குச் சதுரமான ஃபுட்டிங் போதும். ஒரு பக்கமாக இழுபடும் தூணுக்குச் செவ்வகம் வேண்டும். இழுக்கும் திசையில் நீளம். ஒருவன் முன்னாலிருந்து தள்ளும்போது ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நின்றால் தாக்குப்பிடிக்கலாம். பக்கவாட்டில் அகட்டி நின்றால் அதே கால்கள் உதவாது. செவ்வக ஃபுட்டிங்கும் அப்படித்தான். நீளம் சரி, அகலம் சரி, கம்பி சரி. திசை மாறினால் எல்லாம் தப்பு.

2006இல் அலுவலகத்துக்கு மென்பொருள் வந்தது. சார் ஒரு வாரம் பார்த்தார். பிறகு அம்மாவை அதன் முன்னால் உட்கார வைத்தார். நாற்பத்தாறு வயது. அதுவரை கணினியில் படம் வரைந்திருந்தாளே தவிரக் கணக்குப் போட்டதில்லை. பயிற்சிக்கு யாரும் அனுப்பவில்லை. அம்மா பழைய நோட்டுகளை எல்லாம் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தினமும் மதியம் சாப்பிட்ட கையோடு, தான் முன்பு கையால் போட்ட ஃபுட்டிங் ஒன்றிரண்டை மென்பொருளிலும் போட்டுப் பார்த்தாள். எட்டு மாதம். இருநூற்றுப் பன்னிரண்டு ஃபுட்டிங்.

இருநூற்றொன்பது ஒத்துப்போயின. இரண்டில் அவள் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தாள். ஒன்றில் மென்பொருள் பெரிதாகக் காட்டியது. இரண்டு நாள் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தாள். மெத்தையின் மேல் மூடும் மண்ணின் எடையை அந்த ஒரு பக்கத்தில் சேர்க்க மறந்திருந்தாள். நோட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தேதி போட்டு எழுதியிருக்கிறாள்: பெட்டி சரி. நான் தப்பு. அந்த வீட்டுக்கும் போய்ப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக விரிசல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்கும் தேதி போட்டிருக்கிறாள்.

அந்தக் குறிப்புகளை நான் பார்த்தது இப்போதுதான்.

*

அமராவதி டீச்சரின் வீடு 2008இல் கட்டியது. சிதம்பரத்தில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்கே தெரு பார்த்த மனை. முதலில் தரைத்தளம், பிற்பாடு மாடி. அதனால் பாதங்கள் எல்லாம் மாடிக்கும் சேர்த்தே கணக்கிட்டது. பதினான்கு தூண். பதிமூன்றுக்குச் சதுர ஃபுட்டிங். முன்மூலையில் நிற்கும் ஐந்தாம் தூணுக்கு மட்டும் செவ்வகம். கார் நிறுத்தும் போர்டிகோ தெருப் பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த நீட்டல் அந்தத் தூணைத் தெருப் பக்கமாக இழுக்கிறது. ஆகவே நீளம் தெருவை நோக்கிப் போக வேண்டும்.

அம்மா மென்பொருளில் வீட்டின் மாடலைத் தெரு கீழ்ப்பக்கம் இருக்கும்படி போட்டிருந்தாள். மென்பொருள் அளவுகளைக் கொடுத்தது. ஐந்தாம் தூணுக்குத் தாளில் மேல்கீழாக 2.90, குறுக்காக 1.50. அட்டவணை தயாரானது. சரியான அட்டவணை.

அதற்குள் டீச்சர் வாஸ்து பார்ப்பவரை அழைத்து வந்தார். அவருக்குத் தாளில் வடக்கு மேலே இருக்க வேண்டும். ஈசானிய மூலை வலது மேல் மூலையில் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் வீடு கட்டுகிற பாதிப் பேர் இதைக் கேட்பார்கள். அம்மா படத்தை வடக்கு மேலே வரும்படி திருப்பிக் கொடுத்தாள். சுவர் திரும்பியது, தூண் திரும்பியது, படிக்கட்டு திரும்பியது. அதன் பிறகு, திரும்பிய படத்தின் மேல் அட்டவணையைப் பார்த்து ஃபுட்டிங்குகளை வரைந்தாள். மேல்கீழாக 2.90 என்று அட்டவணையில் இருந்தது. மேல்கீழாக வரைந்தாள். இப்போது அது தெருவை நோக்கிப் போகவில்லை. தெருவுக்கு இணையாக ஓடியது.

சதுரத்துக்குத் திசை கிடையாது. பதிமூன்று ஃபுட்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சார் கையெழுத்துப் போட்டார். கொளஞ்சி கட்டினார்.

மூன்று வருடம் யாருக்கும் தெரியாது. தரைத்தளம் மட்டும் என்றால் அந்தப் பாதம் திரும்பிக் கிடந்தாலும் தாங்கும், எட்டு டன்னுக்குக் கீழேதான் வரும். 2011 நவம்பர் கடைசியில் டீச்சர் தொலைபேசியில் பேசினார். பண்ருட்டியில் வங்கி வேலை பார்க்கும் மகள் வினோதினிக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டு பேரப்பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மாடி வேண்டும். அம்மா பழைய மாடலைத் திறந்தாள். மென்பொருளின் புதுப் பதிப்பு அப்போதுதான் வந்திருந்தது. அது ஃபுட்டிங்கையும் தூணுக்கு அடியில் முப்பரிமாணத்தில் வரைந்து காட்டும். தூணின் நீண்ட பக்கமும் ஃபுட்டிங்கின் நீண்ட பக்கமும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. மேசையில் விரித்திருந்த அச்சுப் படத்தில் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை என்று சார் பிறகு சொன்னார்.

திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறாள். மாடி வந்தால் 14.2 டன். வரம்பு 12. எனக்கு போன் செய்தாள். நான் பொறியாளராகப் பேசினேன். மண் உடைய முப்பது டன் வேண்டும், இரண்டரை மடங்கு மிச்சம் வைத்துத்தான் பன்னிரண்டு என்று சொல்கிறோம், பதினாலு வந்தால் வீடு விழாது, விட்டுவிடு என்றேன். நான் சொன்னது கணக்குப்படி பொய் இல்லை.

அம்மா சொன்னாள்.

"அந்த மிச்சத்த மண்ணுக்காக வெச்சிருக்காங்க ஜான்சி. என் தப்புக்காக வெக்கல."

சாரும் விடத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. கொளஞ்சியே அங்கே சரியாகப் போட்டிருக்கலாம், தோண்டாமல் எப்படித் தெரியும், தெரியாத ஒன்றை நாமே போய் ஏன் கிளற வேண்டும் என்றார். இருபத்தைந்து வருடப் பெயர் என்றார்.

அம்மா சொன்னது: "பேரு உங்களுது சார். படம் என்னுது."

அடுத்த நாள் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள்.

*

டீச்சர் வீட்டில் நடந்ததை டீச்சர்தான் எனக்குச் சொன்னார். அம்மா சொல்லவில்லை. போயிட்டு வந்தேன், சொல்லிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

மாடிக்குப் படம் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து டீச்சர் மேசையைத் துடைத்து வைத்தாராம். அம்மா பழைய படத்தை விரித்தாள். ஐந்தாம் தூணைக் காட்டினாள். தாளைத் திருப்பினேன், அட்டவணையைத் திருப்பவில்லை, தப்பு என்னுடையது என்றாள். டீச்சர் கணக்குக்காரர். வரி வரியாகப் போட்டுக் காட்டச் சொன்னார். அம்மா போட்டுக் காட்டினாள். 14.2 வந்ததும் டீச்சர் தன் கையாலும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். அதேதான் வந்தது.

உங்கள் சார் அனுப்பினாரா என்று கேட்டார் டீச்சர். இல்லை, நானாகத்தான் வந்தேன் என்றாள் அம்மா.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது டீச்சர்."

"அப்புறம் என்னாத்துக்கு வந்து சொல்ற?"

"அடியில என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. தெரிஞ்சிகிட்டு மேல மாடி வரையச் சொன்னா, எனக்குக் கை ஓடாது."

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. மகள் வீட்டுச் சாமானை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள், இப்போது வந்து அடியைத் தோண்டு என்றால் என்ன அர்த்தம் என்று கத்தினார். வேறு இன்ஜினியரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அம்மா அதுவும் சரிதான் என்றாள். அவருக்கு உதவும் என்று, கணக்கு எழுதிய தாள்களை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன் என்று டீச்சர் என்னிடம் சொன்னார்.

அந்தத் தாள்களை டீச்சர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தாராம். வேறு ஒருவரிடம் காட்டவும் செய்தார். அவர் பார்த்துவிட்டு, மாடியைத் தாராளமாகப் போடலாம், இவ்வளவு நோண்டினால் ஒருத்தனும் வீடு கட்ட முடியாது என்று சிரித்தாராம். டீச்சருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாவுக்கு போன் செய்து, வந்து தோண்டிப் பார் என்றார்.

ஜனவரி முதல் வாரம் தோண்டுவதாக இருந்தது. டிசம்பர் முப்பதாம் தேதி ‘தானே’ புயல் அடித்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று வாரம் மின்சாரம் இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துக்கிடந்தன. நான் ஊருக்கு வந்தபோது அம்மா மொட்டை மாடியில் கிடந்த பக்கத்து வீட்டு ஓடுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் கேட்டது, சிதம்பரத்துக்கு பஸ் ஒழுங்காகப் போகிறதா என்றுதான்.

ஜனவரி 21, சனிக்கிழமை. நானும் கூடப் போனேன். கொளஞ்சி கடப்பாரையோடு வந்திருந்தார். அம்மா அவரிடம் முன்பே போனில் கேட்டிருந்தாள். நான்கு வருடம் ஆச்சி, ஞாபகம் இல்லை என்றிருந்தார்.

சோதனை எளிது. தூணின் நடுவிலிருந்து தெருப் பக்கமாக ஒரு மீட்டர் தள்ளிக் குழி. நாலடி ஆழம். பிறகு கடப்பாரையை இறக்க வேண்டும். ஃபுட்டிங் சரியாக இருந்தால் அந்த இடத்தில் கான்கிரீட் இருக்கும், கடப்பாரை டங்கென்று நிற்கும். திரும்பிக் கிடந்தால் வெறும் மண், உள்ளே போகும். இதை அம்மா டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். வினோதினியும் பண்ருட்டியிலிருந்து வந்திருந்தார். கையில் மாடிக்கு அவர் வரைந்த கலர் பென்சில் படம்.

நாலடி தோண்டக் காலை முழுவதும் ஆனது. ஈரக் களிமண். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். கொளஞ்சி கடப்பாரையைத் தூக்கி இறக்கினார்.

சத்தம் வரவில்லை. ஒரு அடி உள்ளே போனது.

"இன்னொரு வாட்டி," என்றாள் அம்மா. கொஞ்சம் தள்ளி இறக்கினார். போனது. மூன்றாவது இடத்திலும் போனது.

பிறகு தூணை நோக்கி மண்ணை அரித்துக்கொண்டே போனார்கள். கான்கிரீட்டின் ஓரம் தெரிந்தது. அம்மா டேப்பை வைத்தாள். தூணின் நடுவிலிருந்து எழுபத்தைந்து சென்டிமீட்டர். ஒன்றரையில் சரிபாதி. ஒரு சென்டிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மா வரைந்தது அப்படியே மண்ணுக்குள் இருந்தது.

கொளஞ்சி கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

"கம்பி கட்டறப்பவே பார்த்தன் மேடம். பில்லரு ஒரு பக்கம் பாக்குது, புட்டிங் ஒரு பக்கம் பாக்குதேன்னு. யோசிக்கிறது உங்க வேலைன்னு உட்டுட்டன்."

ஞாபகம் இல்லை என்று அவர் போனில் சொன்னது எதனால் என்று எனக்கு அப்போது புரிந்தது. அம்மா குழிக்குள் நின்றுகொண்டு அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அன்னிக்கு அத்தன பேர் முன்னால உங்கள அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மேஸ்திரி," என்றாள். "இதுவும் என் தப்புதான். எழுதிக்கிறன்."

கொளஞ்சி கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்து மேலே ஏறினாள்.

டீச்சர் நாற்காலியிலேயே இருந்தார். கணக்குத் தாள் அவர் மடியில் இருந்தது. "ஸ்டெப்பு எல்லாம் சரி. விடை தப்பு," என்றார். "எங்க ஸ்கூலா இருந்தா அரை மார்க்குகூடக் கிடையாது ஜெயராணி."

"கிடையாது டீச்சர்."

"மாடியும் நீயே வரைஞ்சி குடு. வேற யார்கிட்டயும் நான் போறதா இல்ல."

வினோதினி கலர் பென்சில் படத்தை அம்மாவிடம் நீட்டினார். அம்மா சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வாங்கியதும் முதலில் செய்தது, படத்தின் மூலையில் வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டது. அடுத்து, தெரு எந்தப் பக்கம் என்று எழுதினாள்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும் அவள் தூங்கிவிட்டாள். விரல் நகங்களில் களிமண் காய்ந்திருந்தது. ஒரு வருடத்தில் நூற்றுக்கணக்கான ஃபுட்டிங்குகளை நான் திரையில் பார்க்கிறேன். சரி என்று பச்சை வந்தால் அடுத்தது. மண்ணுக்குள் போய் ஒன்றைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை.

*

அகலப்படுத்தும் கான்கிரீட் பிப்ரவரி 25 அன்று போட்டோம். அம்மா இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கொளஞ்சி தள்ளிப்போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பழைய கான்கிரீட்டின் பக்கங்களைக் கொத்திக் கரடாக்கி, துளை போட்டுக் கம்பி செருகியிருந்தார். இரண்டு பக்கமும் ஓரடி. அவர் கை தாராளமாக உள்ளே போய் வந்தது. சாரும் வந்திருந்தார். அம்மா டீச்சரிடம் போய்ச் சொன்ன பிறகு அவளோடு மூன்று வாரம் பேசாமல் இருந்தவர் அவர். படத்தில் வரைந்தவர் பெயர் போடும் கட்டத்தை அந்த அலுவலகத்தில் எப்போதும் காலியாக விடுவார்கள். இந்தப் படத்தில் அதில் அம்மாவின் பெயர் இருந்தது. பதிமூன்றாம் தேதியே அச்செடுத்தது, அவள் பார்த்துவிட்டாள் என்று சார் சொன்னார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். எழுத்து அளவு பெரிதாக இருக்கிறது, தூண் எண்ணை மறைக்கிறது என்றாளாம்.

டீச்சர் வீட்டில் மாடிக்குத் தூண் எழும்பிவிட்டது. ஜூனுக்குள் முடிந்துவிடும்.

அம்மாவின் அலுவலக மேசையைச் சென்ற வாரம் காலி செய்தேன். ஒரு தாள் இருந்தது. மென்பொருள் வந்த பிறகு அலுவலகம் போட்ட எல்லாப் படங்களையும் அவள் டிசம்பரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறாள். டீச்சர் வீட்டைத் தவிர, வாஸ்துவுக்காகத் தாளைத் திருப்பிய படங்கள் ஐந்து. நான்கில் எல்லா ஃபுட்டிங்கும் சதுரம். அவற்றை அடித்துவிட்டாள். ஐந்தாவது வடலூர். தேவநாதன் என்பவர் வீடு, 2009. மூன்றாம் எண் தூண், 1.40க்கு 2.60. அதே தப்பு. அப்போது கட்டியது தரைத்தளம் மட்டும். மாடிக்குக் கம்பி விட்டிருக்கிறது. கோப்பில் இருக்கும் தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. கட்டிய மேஸ்திரி வெளிநாடு போய்விட்டார்.

வடலூரில் தைப்பூசக் கூட்டம் அடங்கட்டும் என்று இருந்திருக்கிறாள். தாளின் அடியில், 17 வெள்ளி, வடலூர் என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. அவள் இறந்தது பதினாறு.

தேவநாதன் இதற்குள் தானாகவே மாடி எடுத்துவிட்டாரா, இல்லையா தெரியாது. எடுக்கவில்லை என்றால் சொன்னால் போதும். எடுத்திருந்தால் தோண்ட வேண்டும். எது என்று தெரிந்துகொள்ள வீட்டுக்குள்கூடப் போக வேண்டியதில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும். இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.